பச்சைக்கே திரும்பும் பிங்க் பிரின்சஸ் கொடி: என்ன செய்யலாம்?

கேள்வி: குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பரும் நல்லமிளகும் உண்டு. வீட்டுத் திண்ணையில் வைக்க ‘பிங்க் பிரின்சஸ்’ பிலோடென்ட்ரான் கொடி ஒன்று வாங்கினேன். முதலில் கரும்பச்சை இலையில் இளஞ்சிவப்பு அள்ளித் தெளித்ததுபோல் இருந்தது. இப்போது வரும் இலையெல்லாம் வெறும் பச்சை. அடியில் கிளைத்த இன்னொரு தண்டில் இலை முழு இளஞ்சிவப்பாக வருகிறது, ஆனால் ஓரம் கருகிப்போகிறது. என்ன உரம் போட்டால் நிறம் திரும்பும்? இதைப் பெருக்கி ரப்பர் மரத்தடியில் வளர்த்து விற்கலாமா?

பதில்: உரத்தைத் தேடி அலைய வேண்டாம் அம்மா. இந்த இளஞ்சிவப்பு எந்த உரத்திலும் வராது. பிலோடென்ட்ரான் எருபெசென்ஸ் என்னும் கொலம்பியக் கொடியிலிருந்து வந்த ரகம் இது. இதன் குருத்தில் இரண்டு வகை செல்கள் கலந்திருக்கின்றன. ஒரு வகையில் பச்சையம் உண்டு, மற்றதில் இல்லை. பச்சையம் இல்லாத இடத்தில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி நமக்கு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கொடி நீளும்போது குருத்தில் பச்சை செல்கள் மட்டும் மிஞ்சினால் அதன்பிறகு வருவதெல்லாம் பச்சை இலைதான். நல்ல வெளிச்சம், ஏற்கெனவே இருக்கிற நிறத்தை எடுப்பாகக் காட்டும், இல்லாததைக் கொண்டுவராது.

அதனால் இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கோடு தண்டிலும் ஓடும். நுனியிலிருந்து கீழே இறங்கி வந்தால், ஏதோ ஒரு கணுவில் அந்தக் கோடு இலைக்காம்பின் கக்கத்தில் இருக்கும் மொட்டைத் தொட்டுப் போகும். அந்தக் கணுவுக்கு அரை அங்குலம் மேலே வெட்டிவிடுங்கள். அந்த மொட்டு உறங்குகிற மொட்டு. நுனி போனதும் விழித்துக்கொள்ளும். கோடு தொட்ட மொட்டிலிருந்து நிறம் கலந்த தண்டு வர நல்ல வாய்ப்பு உண்டு. கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்து மொட்டு பெரும்பாலும் பச்சையாகவே வரும்.

முழு இளஞ்சிவப்புத் தண்டு பார்க்க அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பச்சையம் இல்லாததால் அதனால் சொந்தமாக உணவு தயாரிக்க முடியாது, தாய்க்கொடி ஊட்டுவதைத்தான் சாப்பிடுகிறது. அந்த இலை சீக்கிரம் கருகுவதும் இயல்பு. அதையும் பச்சை கலந்த கணுவரை இறக்கி வெட்டுங்கள். அதைத் தனியாக வேர்விட வைத்தால் வேர்கூட வரலாம், கொஞ்ச நாளில் செடி வாடிப்போகும். அப்படி ஒன்றை யாராவது அபூர்வம் என்று கூடுதல் விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெட்டிய துண்டில் ஒரு கணு, ஓர் இலை, முடிந்தால் ஒரு காற்றுவேர் இருக்கட்டும். ரப்பர் பால்வெட்டுக் கத்தியையோ வாழைத்தோப்பில் புழங்கும் கத்தியையோ இதற்கு எடுக்க வேண்டாம். தனிக் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடையுங்கள். வெட்டுவாய் ஒரு நாள் நிழலில் உலரட்டும். பிறகு தென்னைநார்க் கழிவும், பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்பொரியும் சமமாகக் கலந்து நடலாம். நம் ஊர் நார்க்கழிவில் உப்பு இருக்கும்; நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் போடக்கூடாது. நம் வெக்கைக்கு மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் வேர் வரும். நமக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பது பெரிய வரம், ஆனால் பதியத்துக்கு அதுவே வினை. பிப்ரவரி–மார்ச்சிலோ, இரண்டு மழைக்கும் இடைப்பட்ட ஆகஸ்ட்–செப்டம்பரிலோ வெட்டுங்கள்.

ரப்பர் நிழலைப் பற்றிக் கேட்டீர்கள். அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை கொட்டும்போது நிழல் மொத்தமாகப் போய்விடும். அந்த வெயில் நேராக அடித்தால் இளஞ்சிவப்புப் பகுதிதான் முதலில் வெந்துபோகும். ஜூன், ஜூலையிலோ நிழலும் ஈரமும் கூடி இலைமேல் மரத்துளி ஓயாமல் சொட்டும். அந்தக் காலத்தில் ரப்பர் இலையை உதிர்க்கும் பைட்டோப்தோரா பூஞ்சணமும் தோட்டத்தில் உலவும். நல்லமிளகுக்கு வாட்டம் தருவதும் அந்த இனம்தான். வீட்டோரமாக 75 சதவீத நிழல்வலைப் பந்தல் போட்டு, அதற்கு மேல் மழைத்தாள் கட்டுங்கள். பக்கம் திறந்திருந்து காற்று ஓடவேண்டும்.

மழைக்காலத்தில் இலையில் நீர் கோத்ததுபோல் புள்ளி விழுந்து நாற்றத்தோடு அழுகினால் அது பாக்டீரியா. உடனே அந்த இலையை அப்புறப்படுத்தி, இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் தெளித்தால் பரவுவது குறையும், அழுகினது தேறாது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, மாலையில் தெளியுங்கள்.

கொடி ஏற ஒரு குழாயில் தேங்காய்த் தும்பைச் சுற்றிக் கட்டி ஈரமாக வைத்திருந்தால் போதும். நம் ஊரில் பலாமரத்தில் ஏறிய மணிபிளாண்ட்டின் இலை முறம் அகலத்துக்கு விரிவதைப் பார்த்திருப்பீர்கள். பற்றி ஏற இடம் கிடைத்தால் இதுவும் இலையைப் பெரிதாக்கும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

விற்பனைக்கு வருவோம். திசு வளர்ப்புக் கன்றுகள் நிறைய வந்தபிறகு இந்தச் செடியின் பழைய விலை இறங்கிவிட்டது. ஆகவே கடன் வாங்கிப் பந்தல் போடும் தொழிலாக இதை நான் சொல்லமாட்டேன். நல்லமிளகு வருமானம் தரட்டும், இது பக்கத்தில் சிறிதாக வளரட்டும். ஒவ்வொரு தொட்டியிலும் எந்தத் தாய்க்கொடி, எந்த மாதம் வெட்டியது என்று எழுதி வையுங்கள். இரண்டு மூன்று இலை வந்து நிறம் நிலையாகத் தெரிந்தபிறகே விற்பனைக்கு எடுங்கள். வாங்குகிறவருக்கு இலையோடு தண்டையும் காட்டுங்கள். பச்சையாகிப்போனதைப் பச்சைக் கொடி என்று சொல்லியே கொடுங்கள்.

இன்னும் சேகரிக்க ஆசை இருந்தால் மார்பிள் குவீன் மணிபிளாண்ட், மூவண்ண ஹோயா (மெழுகுக்கொடி) போன்றவை நம் காற்றுக்குச் சுலபமாக வரும். ‘பிங்க் காங்கோ’ என்ற பெயரில் வரும் பிலோடென்ட்ரானை வாங்க வேண்டாம். அந்த நிறம் செயற்கையாக ஏற்றியது, சில மாதத்தில் பச்சையாகிவிடும். இந்தக் கொடிகளின் வண்ண விதை என்று விற்பதும் ஏமாற்றுதான், இந்தக் கலப்பு நிறம் விதை வழியே அப்படியே வராது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான செடி என்றால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் உள்ளதா என்று கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதைக் கட்டாயமாக்குகிறது.

வெட்டிப்போட்ட தண்டையும் இலையையும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள். இந்தச் செடியில் இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் என்ற நுண்ணிய படிக ஊசிகள் வாயையும் தொண்டையையும் குத்தி வீங்கவைக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தொட்டி அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.