ஐயா போன பிறகு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கடலூர் முதுநகரில் இருக்கிறேன். வயது 31. துறைமுகம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பது வருடமாக எங்கள் தெருப் பெரியவர் ஒருவரோடு இருந்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வள்ளலார் வழியில் நடந்த சன்மார்க்கி. தினமும் மதியம் நாற்பது பேருக்குத் தன் பென்ஷனில் சமைத்துப் போடுவார். நான் காய் நறுக்கினேன், அண்டா கழுவினேன், அவர் சொல்லச் சொல்ல வள்ளலாரின் அகவல் படித்தேன். எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. நான் மட்டும் புலாலை விட்டேன்.

போன ஆவணியில் அந்த ஐயா இறந்துவிட்டார். அவர் விருப்பப்படி எரிக்காமல் அடக்கம் செய்தோம். இப்போது எல்லோரும் அந்தச் சமையலை என்னை நடத்தச் சொல்கிறார்கள். தைப்பூசத்துக்குச் சன்மார்க்க சங்கத்தில் பேசவும் சொல்லிவிட்டார்கள். என்ன பேசுவது என்று உட்கார்ந்து யோசித்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வள்ளலார் ஒளியாகிவிட்டார் என்று ஐயா சொல்லும்போது எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. இன்று அதே வரியை நான் சொல்லிப் பார்த்தால் பொய் சொல்வது போல் இருக்கிறது. அவர் நம்பியதை நான் நம்பினேனா, அல்லது அவரை மட்டும் நம்பினேனா? இப்படி நினைப்பதே அவருக்குச் செய்யும் துரோகமா? என் பெயர் வேண்டாம்.

கடலூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

நீங்கள் அவரைத்தான் நம்பினீர்கள். அதற்காகக் கூச வேண்டாம். ஒரு மனிதர் தன் பென்ஷனில் தினமும் அரிசி வாங்குவதை ஒன்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர் வேறு எப்படி இருக்க முடியும்? அதை ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. உங்கள் கடிதத்தில் ஐயா முழுமையாகப் பழுத்த மனிதராகவே வருகிறார். அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. எந்த வயதில் புலாலை விட்டார், வீட்டில் என்ன சண்டை நடந்தது, எதை நம்ப முடியாமல் எத்தனை வருடம் தவித்தார்? நீங்கள் கேட்டதில்லை போலிருக்கிறது, அவரும் சொல்லவில்லை. அவருடைய முடிவுகள் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டன. அவர் நடந்த பாதை அவரோடு போய்விட்டது. உள்ளே ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்வது இந்த இடத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது.

வள்ளலாரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் 1873 அக்டோபரில் கொடி ஏற்றிவிட்டு அவர் பேசியதைப் பேருபதேசம் என்று நீங்கள் வருடாவருடம் படித்திருப்பீர்கள். அதில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒருமுறை நின்று படியுங்கள். முன்பு சைவத்தின் மேல் தனக்கு இருந்த பற்றுக்கு அளவே இல்லை, அது தன் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியாருக்குத் தெரியும், தான் பாடிய பாட்டுகளே அதற்குச் சாட்சி என்கிறார். அப்போது தன் அறிவு அவ்வளவுதான் இருந்தது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்தப் பாட்டுகள் அச்சாகி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் பாடிக்கொண்டிருக்கிறது. தன் பாட்டை மனப்பாடம் செய்தவர்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, நான் அதைக் கடந்து வந்துவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அப்புறம் கேட்டவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டதும் விசாரணையில் இருங்கள் என்பதுதான். மூன்று மாதம் கழித்து, 1874 ஜனவரி 30 அன்று, அறைக்குள் போய்விட்டார். அங்கேதான் ஒளியானார் என்பது சன்மார்க்கிகளின் நம்பிக்கை. அதன் பிறகு அவரிடம் கேட்க யாருக்கும் வழியில்லை. இன்று நீங்கள் நிற்கிற இடத்தில்தான் அன்று அவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில் புதுச்சேரியில் எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, மில் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். நெல்லித்தோப்பில் அவர் வீட்டுத் திண்ணையில்தான் நான் படிக்கவே கற்றுக்கொண்டேன். மார்க்சியம் எனக்கு அவர் குரலில்தான் தெரியும். யாராவது எதிர்க்கேள்வி கேட்டால் அண்ணன் என்ன சொல்வார் என்று யோசித்து அதைச் சொல்வேன். சட்டென்று மாரடைப்பில் போய்விட்டார். இரங்கல் கூட்டத்தில் நான் கால்மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து படுத்தபோது, பேசியதில் ஒரு வாக்கியம்கூட என்னுடையது இல்லை என்று தெரிந்தது. நான்கு வருடம் எழுதவே இல்லை.

அப்புறம் தானே புயல் வந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். நான் நண்பர்களோடு பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்து கிடந்தது. தாத்தா காலத்துப் பலா மரங்கள் நடுவில் முறிந்து நின்றன. கரண்ட் இல்லை, தண்ணீர் இறைக்க வழியில்லை. நிவாரணம் என்பது பிச்சை, அது மக்களின் கோபத்தைத் தணித்துவிடும் என்பார் அண்ணன். நானும் அதைப் பத்து வருடம் மேடையில் சொன்னவன். அங்கே ஒரு தாத்தா, விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அவர் முன்னால் நின்றுகொண்டு அந்த வாக்கியத்தை என்னால் மனதுக்குள்கூடச் சொல்ல முடியவில்லை. அடுப்பு மூட்டினோம். பன்னிரண்டு நாள் சமைத்தோம். இந்த விஷயத்தில் அண்ணன் சொன்னது தப்பு என்று எனக்கு அங்கே தெரிந்தது.

ஆனால் அதே ஊரில் இன்னொன்றும் தெரிந்தது. இழப்பீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டா கேட்டார்கள். அந்தத் தாத்தா குத்தகைக்காரர். முப்பது வருடமாகக் களையெடுத்தவர் அவர், பட்டா யாருடைய பெயரிலோ இருந்தது. கையில் ஒரு காகிதமும் இல்லாததால் அவர் பெயர் கணக்கிலேயே ஏறவில்லை. நிலம் யார் கையில் என்று முதலில் கேள், மற்றதெல்லாம் அப்புறம் என்று அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். நூறு தடவையும் தலையாட்டியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்கு விளங்கியது. இன்று அதை நான் எழுதினால் யாரும் அண்ணன் குரல் என்று சொல்வதில்லை. அந்தத் தாத்தாவின் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒன்றில் அண்ணனை மறுத்தேன், இன்னொன்றில் முதல்முறையாக உண்மையிலேயே ஒத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது. மறுக்கிற தைரியம் வராமல் இருந்திருந்தால் மற்றதும் எனக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

துரோகமா என்று கேட்டீர்கள். புதுச்சேரிக்காரனாக இதற்கு எனக்கு ஒருவரைத்தான் சொல்லத் தெரியும். கனக சுப்புரத்தினம் பாரதியின் மேல் இருந்த அன்பால் பாரதிதாசன் ஆனார். பாரதியோ சக்தியை விடாமல் பாடியவர். தாசனும் 1926-இல் மயிலம் முருகன் மேல் துதி பாடியவர்தான். அதன் பிறகு சுயமரியாதை இயக்கத்துக்குப் போனார், பகுத்தறிவு பேசினார், பக்தியை முழுவதுமாக விட்டார். பெயரை மட்டும் விடவில்லை. 1964-இல் இறக்கும்வரை பாரதிக்குத் தாசன்தான். அவரால் நன்றியையும் கருத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடிந்தது. உங்களாலும் முடியும்.

சரி, இப்போது என்ன செய்யலாம். தைப்பூசத்தன்று பேச வேண்டாம். எனக்கு இன்னும் பேச வரவில்லை என்று சங்கத்தில் நேராகச் சொல்லிவிடுங்கள். மனத்தாங்கல் வரத்தான் செய்யும், பரவாயில்லை. ஒளியாவது பற்றிய கேள்வியை இப்போதே தீர்க்க முயல வேண்டாம். தெரியாது என்று சொல்லுங்கள், அது பொய் இல்லை. புலால் விஷயத்தில் மட்டும் ஒன்று கேட்கிறேன். ஐயாவுக்காக விட்டிருந்தால், அவர் இல்லாத இந்த மாதங்களில் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றியது? ஆசையா, கஷ்டமா, ஒன்றுமே இல்லையா? யாருக்கும் காட்டாமல் அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

சமையலை மட்டும் நிறுத்தாதீர்கள். நாற்பது பேருக்கு முடியாவிட்டால் பத்துப் பேருக்குச் செய்யுங்கள். உங்கள் சம்பளத்தில், உங்களால் தாங்க முடிந்த அளவுக்கு. அடுத்தவர் நன்கொடையில் தொடங்கினால் அது மறுபடியும் ஐயாவின் அடுப்பாகவே இருக்கும். 1867-இல் வடலூர் தருமசாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. இத்தனை தலைமுறையாக அதற்கு விறகு வைத்தவர்கள் எல்லோரும் ஜோதியைப் பற்றி ஒரே மாதிரி நினைத்திருக்க மாட்டார்கள். பசித்து வந்தவர்கள் அதைக் கேட்கவும் இல்லை. சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். இது எனக்கு வேண்டும் என்று ஒரு நாள் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். தோன்றாவிட்டால் ஒரு வருடம் கழித்து நிறுத்திவிடுங்கள். அப்போதும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டேன்.

இன்னொரு குருவை உடனே தேட வேண்டாம். என்னையும் அந்த இடத்தில் வைக்க வேண்டாம்.

ஐயாவின் வீட்டு அம்மா இருக்கிறார்களா? இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். அவர் இதற்குள் எப்படி வந்தார், முதல் நாள் எத்தனை பேருக்குச் சமைத்தார், நடுவில் எப்போதாவது விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். அம்மா சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.