பிரேக் சத்தம்: கால் மிதியில் இருந்ததா, இல்லையா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிரேக் சத்தம்தான். சத்தம் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். அது வரும்போது உங்கள் கால் பிரேக் மிதிமேல் இருந்ததா என்று சிலர்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

கேள்வி: காலையில் வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குச் சரசரவென்று உரசுகிறது. அப்புறம் சத்தமே இல்லை. பேட் மாற்றவேண்டுமா?

வேண்டாம். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடுதான் டிஸ்க், அது வார்ப்பிரும்பில் ஆனது. இரவு ஈரத்தில் அதன்மேல் மெல்லிய துரு படியும். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இருபுறமும் இறுக்கும் கட்டைதான் பேட். அது துருவைச் சுரண்டி எடுக்கும் சத்தம்தான் இது. வண்டியைக் கழுவி நிறுத்தினாலும் வரும். மின்சார, ஹைபிரிட் வண்டிகளில் வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே பார்த்துக்கொள்வதால் துரு இன்னும் அதிக நேரம் தங்கும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் பின்னால் யாரும் வராத சாலையில் அவ்வப்போது கொஞ்சம் அழுத்தியே பிரேக் பிடிக்கலாம்.

கேள்வி: ஓடும்போது சக்கரத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் பிரேக்கில் கோளாறு இல்லை என்கிறார் நண்பர்.

நண்பர் தலைகீழாகச் சொல்கிறார். பல பேட்களில் சின்ன எஃகுத் தகடு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து 2, 3 மி.மீ. அளவுக்கு வரும்போது அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும், எச்சரிக்கைக்காகவே வைத்தது. மிதியை அழுத்தும்போது பேட்டோடு சேர்ந்து அதுவும் இறுகுவதால் பல வண்டிகளில் சத்தம் அடங்கிவிடும். புதுப் பேட் சுமார் 10 மி.மீ. கனம் இருக்கும். சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்து அளவை ஊகிக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டும். பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் காலிபர் நகர்வதற்கு உள்ள ஸ்லைடு பின் காய்ந்து இறுகியிருந்தால் உள்பக்கப் பேட் முன்னாலேயே தீர்ந்துபோகும். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பாருங்கள். மாற்றுவதென்றால் இடம், வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றவேண்டும்.

மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கிறீச்சென்று கத்துகிறதா? அப்போது டிஸ்க்குக்கும் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கலாம். பின்னோக்கிக் கொஞ்சம் ஓட்டினால் சில நேரம் தானாக விழுந்துவிடும்.

கேள்வி: பேட் மாற்றி ஒரு வாரம் ஆகிறது. மெதுவாகப் போய் நிறுத்தும்போது கீச்சிடுகிறது. ஓட ஓட சரியாகிவிடும் என்கிறார்கள்.

பாதி உண்மை. புதுப் பேட் டிஸ்க்கோடு பழகக் கொஞ்ச தூரம் ஓடவேண்டும். அதற்கு மேலும் நீடித்தால், பேட்டும் டிஸ்க்கும் சேர்ந்து அதிர்கின்றன என்று அர்த்தம். ஈர விரலால் கண்ணாடி டம்ளரின் விளிம்பைத் தேய்த்தால் பாடுமே, அதே கதைதான். அதிர்வை அடக்கத்தான் பேட்டின் முதுகில் ஷிம் என்ற மெல்லிய தகடு. அதையும் கிளிப்புகளையும் திரும்பப் போட்டார்களா என்று கேளுங்கள். கிரீஸ் தடவுவதும் முதுகுப் பக்கம்தான், அதற்கென்று உள்ள கிரீஸ் மட்டும். சத்தம் போக டிஸ்க்கில் எண்ணெய் அடித்துக்கொண்டு ஒரு வண்டி என்னிடம் வந்தது. சத்தம் போயிருந்தது, பிரேக்கும் போயிருந்தது.

கேள்வி: மழையில் சட்டென்று பிரேக் பிடித்தேன். கடகடவென்று மிதியே உதறியது. பயந்து காலை எடுத்துவிட்டேன்.

அது ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏற்பாடு, வேலை செய்யும் சத்தம். அடுத்த முறை காலை எடுக்காதீர்கள். அழுத்தியபடியே, போகவேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.

கேள்வி: வேகம் கூடக் கூட ஊம் என்று இரைச்சல். இரண்டு முறை பேட் மாற்றியும் போகவில்லை.

இரண்டாவது முறை மாற்றச் சொன்னவர்மேல்தான் எனக்குக் கோபம். பிரேக் பிடித்தாலும் இரைச்சல் மாறவில்லை என்றால் முதலில் சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கவேண்டும். வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங். எந்தப் பக்கம் வளைத்தாலும் மாறவில்லையென்றால் டயர் ஏறுக்குமாறாகத் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கேள்வி: ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, பிறகு முன்னால் போய் முதல் பிரேக் பிடிக்கும்போது மட்டும் 'டொக்'.

பேட் தன் இடத்தில் ஒரு நூல் நகர்ந்து உட்காரும் சத்தம். அந்த ஒரு முறையோடு நின்றால் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் வந்தால் காலிபர் போல்ட்டையும் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரேக் பிடித்தால் இரும்போடு இரும்பு உரசுவதுபோல் கரகரவென்கிறது. இந்த வாரம் மட்டும் ஓட்டிக்கொள்ளலாமா?

கூடாது. பேட்டின் உராயும் பகுதி முழுக்கத் தீர்ந்து, அடித்தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தும் தூரம் நீளும், பேட்டைத் தள்ளும் காலிபர் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து பிரேக் ஆயிலும் ஒழுகலாம். ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப்போகாதீர்கள், வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.