கீழடி நகரத்தின் இடுகாடு: கொந்தகை குறித்த கேள்விகளும் பதில்களும்

கீழடிக்கும் கொந்தகைக்கும் சென்று திரும்பிய பிறகு, காரைக்குடியில் கூடிய நண்பர்கள் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளுக்கு அன்று சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. அவற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

தேவகோட்டை அன்பர்: பேர் பெற்றது கீழடி. கொந்தகையைத் தனியே பேசுவதற்கு என்ன இருக்கிறது?

கீழடி மேட்டில் 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. செங்கல் சுவர்களும் உறைகிணறுகளும், ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகளும், பகடைக் காய்களும் அங்கே கிடைத்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் வெளிவந்த அறிக்கை கூறியது. ஆனால் இத்தனை பொருள்களைப் புழங்கிய மனிதர்கள் எங்கே என்ற கேள்விக்கு அந்த மேட்டில் விடை இல்லை. 2020-இல் ஆறாம் கட்ட ஆய்வு அகரம், மணலூர், கொந்தகை என்று அண்டை ஊர்களுக்கும் விரிந்தபோதுதான், கொந்தகையில் இறந்தோரை இட்டுப் புதைக்கும் பெரிய மண்பானைகளான முதுமக்கள் தாழிகள் வரிசையாக வெளிப்பட்டன. வாழ்கிற இடத்தையும் இறந்தோரின் இடத்தையும் பிரித்து வைத்து, இடுகாட்டுக்கென்றே தனி நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை, அவ்வூரை நகரம் என்று அழைப்பதற்குச் செங்கல் சுவருக்கு இணையான சான்றாகவே நான் கருதுகிறேன். மேலும், அம்மக்கள் என்ன உண்டார்கள், எந்த வயதில் இறந்தார்கள், எந்த நோய் அவர்களைத் தாக்கியது என்பதை எல்லாம் எலும்பும் பல்லும்தான் சொல்ல முடியும். பானை ஓடு சொல்லாது.

பள்ளத்தூர் அன்பர்: தாழிக்குள் உடலை அப்படியே வைத்தார்களா, எலும்பை மட்டும் வைத்தார்களா?

இரு வழக்கங்களும் தமிழகத்தில் இருந்தன. உடலை முதலில் வேறோரிடத்தில் இட்டு, தசை அழிந்தபின் மண்டையோட்டையும் கை, கால் நீள எலும்புகளையும் பொறுக்கித் தாழியில் வைப்பதை இரண்டாம் நிலை அடக்கம் என்பார்கள். கொந்தகையில் தாழிகளோடு, குழி தோண்டி உடலை நீட்டிக் கிடத்திய அடக்கங்களும் உள்ளன. தாழியின் உள்ளேயும் வெளியேயும் கறுப்பு-சிவப்புப் பானைகளையும் கிண்ணங்களையும் படையலாக வைத்திருக்கிறார்கள். அந்த இருநிறம் பூச்சு வேலையால் வந்ததன்று. சூளையில் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுக்கும்; காற்றுப் பட்ட புறம் சிவக்கும்.

கோனாபட்டு ஆச்சி: வயதாகியும் உயிர் போகாமல், உடல் குறுகிக் கிடந்த முதியவர்களைச் சோறும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் இறக்கி மூடிவிடுவார்கள் என்று எங்கள் ஆயா சொல்வார்கள். அது உண்மையா?

ஆச்சி, இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை நம் பக்கத்தில் இருக்க முடியாது. நானும் இதைக் கேட்டுப் பயந்து போர்வைக்குள் புகுந்தவன்தான். ஆனால் கொந்தகையில் குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. தாமிரபரணிக் கரையில் உள்ள பழைய இடுகாடான ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் எல்லா வயதினரின் எலும்புகளும் உள்ளன. ஆகவே தாழி முதியோருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. முதுமக்கள் என்ற சொல்லுக்கு முன்னோர் என்ற பொருளும் உண்டு. பிற்காலத்தார் அதை முதியவர் என்று மட்டும் கொண்டு, உள்ளே இருந்த கிண்ணங்களுக்கும் விளக்கம் வேண்டி இக்கதையைக் கட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

சங்கப் பாடல்கள் காட்டும் தாழி அச்சத்துக்குரியதாக இல்லை. புறநானூற்றின் 256-ஆம் பாடலில், கணவனை இழந்தவள் குயவனை விளித்து, வண்டியின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லியைப் போல அவனோடு வழி கடந்து வந்த தனக்கும் இடம் இருக்கும்படி ஈமத்தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். 228-ஆம் பாடலிலோ, கிள்ளிவளவனுக்குத் தாழி செய்வதானால் நிலத்தைச் சக்கரமாகவும் மலையை மண்ணாகவும் கொள்ள வேண்டியிருக்கும், உன்னால் ஆகுமா என்று ஐயூர் முடவனார் குயவனைக் கேட்கிறார்.

கோட்டையூர் மாணவர்: கொந்தகை மனிதர்களின் முகத்தை உருவாக்கிவிட்டார்கள் என்று படித்தேன். அது எவ்வளவு நம்பத்தக்கது? மரபணு ஆய்வில் அவர்கள் எந்தச் சாதி என்று தெரிந்துவிடுமா?

தம்பி, இரண்டையும் பிரித்துக்கொள்வோம். கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகம் உருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியாயின. எலும்பின் மேடு பள்ளங்களைக் கொண்டு தசையை அடுக்கி, அதன்மேல் தோலைப் போர்த்துவது அந்த முறை. நெற்றி, தாடை, கண்குழி ஆகியவற்றின் அமைப்பைப் பெரும்பாலும் நம்பலாம். தோலின் நிறம், முடி, மீசை ஆகியவை மண்டையோட்டில் எழுதியிருப்பதில்லை. அவை ஆய்வாளரின் தேர்வு. அந்தப் படத்தைக் கண்டதும் ‘எங்கள் பெரியப்பா மாதிரியே இருக்கிறது’ என்று பலரும் சொன்னதை அந்த அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மரபணு ஆய்வு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடக்கிறது. எலும்பை எடுப்பவர்கள் தலை முதல் கால் வரை மூடிய உடையும் கையுறையும் அணிகிறார்கள். அவர்களின் வியர்வைத் துளியோ தும்மலோ பட்டால், இன்றைய மரபணு அன்றையதோடு கலந்து ஆய்வே கெட்டுவிடும். நம் வெப்பமும் ஈரமும் மரபணுவை விரைவில் சிதைப்பதால், பல்லையும் உட்காதைச் சூழ்ந்திருக்கும் கெட்டியான எலும்பையும் தேடி எடுக்கிறார்கள். இதில் கிடைக்கக்கூடியது மக்கள் கூட்டங்களின் இடப்பெயர்வும் உறவும் பற்றிய செய்தி. சாதிப் பெயர் எந்த எலும்பிலும் இல்லை. அதைத் தேடிப் போகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை முன்னரே முடிவு செய்துவிட்டவர்கள் என்றே சொல்வேன்.

ஆத்தங்குடி அன்பர்: தாழியில் தங்கம் இருக்குமா?

ஆதிச்சநல்லூரை அகழ்ந்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பொன் நெற்றிப்பட்டங்களை எடுத்தது உண்மை. கொந்தகையில் சூதுபவள மணிகள் கிடைத்தன. புதையல் என்று நம்பித் தாழியை உடைத்தவர்கள் கையில் பெரும்பாலும் மண்தான் மிஞ்சியிருக்கிறது.

காரைக்குடி அன்பர்: நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டி நாட்டுக்கு வந்தவர்கள் என்பது எங்கள் குல மரபு. அந்தப் பட்டினத்துக்கும் இப்படி ஓர் இடுகாடு இருந்ததா?

இருந்தது என்று மணிமேகலை விரிவாகவே சொல்கிறது. அது சக்கரவாளக் கோட்டம். மதிலும் நான்கு வாயில்களும் கொண்டு, உள்ளே காடமர் செல்வி என்னும் கொற்றவையின் கோயிலோடு அது விளங்கியது. தவத்தோர்க்கும் அரசர்க்கும், கணவனோடு மாய்ந்த பெண்டிர்க்கும் உறவினர் எழுப்பிய சுடுமண் கோட்டங்கள், குட்டையும் நெட்டையுமாகக் குன்றுகள் போல நின்றன. அங்கே நடந்தவற்றைக் காப்பியம் ஐந்தாக எண்ணுகிறது: ‘சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியில் கவிப்போர்.’ எரிப்பவர், வெளியில் அப்படியே இட்டுச் செல்பவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர், தாழியால் கவிப்பவர் ஆகிய அனைவரும் ஒரே நகரத்தில், ஒரே மதிலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கடல் வணிகம் செய்த நகரத்தில் பல வழக்கத்தினர் கலந்து வாழ்ந்ததை அதன் கடைவீதியைவிட இந்த ஒரு வரி தெளிவாகக் காட்டுகிறது. கொந்தகையில் தாழியும் குழியும் அருகருகே இருப்பதைக் கண்டபோது எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

திருமயம் பக்கத்து அன்பர்: எங்கள் ஊர்ப் பொட்டலில் மழை பெய்தால் பெரிய பானை விளிம்புகள் தெரிகின்றன. என்ன செய்ய வேண்டும்?

தோண்ட வேண்டாம், இதுதான் முதல் வேலை. புதுக்கோட்டைச் சீமை தாழிகளும், பழைய அடக்கங்களைச் சுற்றிக் கல் அடுக்கிய கல்வட்டங்களும் நிறைந்த பகுதி, சித்தன்னவாசலைச் சுற்றியே அவற்றைக் காணலாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் கண்மாயைத் தூர்வாரும்போது, பொக்லைன் கை ஒரு தாழியின் தோளைப் பெயர்த்துவிட்டது. செய்தி கேட்டு நான் போய்ச் சேர்வதற்குள் உள்ளிருந்த மண்ணைக் கரையில் கொட்டியிருந்தார்கள். கட்டைவிரல் கனமுள்ள ஓடு. கழுத்தைச் சுற்றிக் கயிறு போல ஒரு பட்டை. அதில் குயவர் விரலால் அழுத்திய பள்ளங்கள் வரிசையாக இருந்தன. என் விரலை வைத்துப் பார்த்தேன். சற்றே சிறிய கை. தாழியின் அடிப்பாதியை ஒருவர் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துப் போயிருந்தார். அடி கூம்பாக இருந்ததால் அது நிற்காமல், மூன்று கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வேலையை நிறுத்தி ஒரு தகவல் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தும், மறுநாளே அதே இடத்தில் இயந்திரத்தை இறக்கச் சொன்னவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம். எடுத்த இடமும் ஆழமும் உடன் இருந்த பொருளும் தெரியாமல் போனபின், அந்த ஓட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது.

கானாடுகாத்தான் ஆச்சி: முழங்கால் வலியோடு கொந்தகைக் குழிகளை எல்லாம் இறங்கிப் பார்க்க முடியாது. வேறு வழி உண்டா?

குழியில் இறங்க வேண்டியதே இல்லை, ஆச்சி. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் அகழாய்வுப் பொருள்களை வரிசையாகக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கட்டடத்தை நம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருப்பதால், தூண்களையும் முற்றத்தையும் பார்த்ததும் ஊரை விட்டு வந்த எண்ணமே தோன்றாது. சிவகங்கை வழியாகத் திருப்புவனம் போய் அங்கிருந்து செல்லலாம். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தால், ஓரிடத்தில் உட்கார்ந்து எழுந்து நிதானமாகப் பார்க்கலாம்.