1000 யார்டு எஃப்-டிஆர் போட்டிக்கு .308 ரைபிள் செய்யப்போகிறேன். 155 கிரெயின் குண்டா, 200 கிரெயினா?

முதலில் எந்தப் போட்டி என்று பாருங்கள். (.308 தோட்டாவின் வகை, கிரெயின் குண்டின் எடை அளவு.) பால்மா வகை டார்கெட் ரைபிளில் .308-க்கு 156 கிரெயினுக்குக் கீழே என்பது விதி. அங்கே 155-ஐத் தவிர வழியில்லை. எஃப்-டிஆரில் (ஸ்கோப், பைபாட் வைத்துத் தொலைதூரம் சுடும் வகை) குண்டின் எடைக்கு வரம்பில்லை. .223 அல்லது .308 ஆக இருக்க வேண்டும், ஸ்கோப், பைபாட் (முன்புற இரட்டைத் தாங்குகால்) எல்லாம் சேர்த்து ரைபிள் 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

பலரும் ரைபிளை வாங்கிவிட்டுக் குண்டைத் தேடுகிறார்கள். தலைகீழ்! குண்டை முடிவு செய்துவிட்டுத்தான் பேரலுக்குப் போக வேண்டும். 155-க்கு 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள ட்விஸ்ட் (குண்டைச் சுழற்றும் பேரல் வரிகளின் முறுக்கு) போதும். 200-க்கு 10 அங்குலம் வேண்டும். 13 ட்விஸ்டில் 200-ஐச் சுட்டால் குண்டு நிலைகொள்ளாது. 10 ட்விஸ்டில் 155 ஓடிவிடும், அதனால் சந்தேகம் இருந்தால் 10 பக்கம் போங்கள். த்ரோட் (சேம்பருக்கும் பேரல் வரிகளுக்கும் இடைப்பட்ட பகுதி) நீளமும் அப்படியே. 155-க்கு வெட்டிய சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) 200-ஐப் போட்டால் குண்டின் அடிப்பகுதி கேஸுக்குள் (தோட்டாவின் உலோக உறை) இறங்கி வெடிமருந்துக்கான இடத்தைத் தின்னும். சேம்பர் வெட்டுபவரிடம் குண்டின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

கனமான குண்டின் லாபம் காற்றில்தான். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 155 ஏறத்தாழ ஏழடி விலகும், 200 ஆறடிக்குள் நிற்கும். அதாவது காற்றின் வேகத்தில் ஒரு மைலைத் தப்பாகக் கணித்தால் எட்டரை அங்குலத்துக்குப் பதில் ஏழு. பத்துப் புள்ளி வளையத்தின் மொத்த அகலமே 10 அங்குலம், மையத்திலிருந்து ஐந்துதான்!

அதற்கான விலையை உதையில் (சுடும்போது ரைபிள் பின்னால் தள்ளுவது) கொடுக்க வேண்டும். வலச்சுற்று பேரலில் குண்டு வலப்புறம் சுழலும்போது ரைபிள் இடப்புறம் சாயும். பைபாடின் வலது கால் தரையை விட்டு எழும். 200-இல் இது நன்றாகவே தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழாவிட்டால் காற்றில் கிடைத்ததை அங்கே இழப்பீர்கள். அதனால் முதல் ரைபிளுக்கு 185 என்பது என் பரிந்துரை. உதை அடங்கும், 200-க்கும் அதற்கும் இடைவெளி பெரிதில்லை. ஆனால் பேரல் 10 ட்விஸ்டாகவே இருக்கட்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 168 மேட்ச்கிங்கை (சியரா நிறுவனத்தின் போட்டிக் குண்டு) எடுக்காதீர்கள். அது 300 மீட்டருக்குப் பிறந்தது. அதன் வால் சரிவு 13 டிகிரி, 175 மேட்ச்கிங்குக்கு 9. வேகம் குறைந்து ஒலி வேகத்தை நெருங்கும்போது 168 தள்ளாடத் தொடங்கும், 1000 யார்டில் அட்டையில் பக்கவாட்டாகப் பதிவதும் உண்டு.

மேல்-கீழ் சிதறலுக்குக் குண்டைக் குறை சொல்லும் முன் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) போடுங்கள். வேகத்தில் வினாடிக்கு 10 அடி மாறினாலே 1000 யார்டில் சுமார் 3 அங்குலம் ஏறி இறங்கும்.