படகுப் பட்டறை: கேள்வி – பதில்

கேள்வி: என் லேசர் பாய்மரப் படகில், பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் குழாயான பூமில், அதைக் கீழே இழுக்கும் வாங் கயிறு மாட்டும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பட்டை ஆடுகிறது. ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அலுமினிய பாப் ரிவெட்டே போதுமா? (வாசகர், சென்னை)

பதில்: போதாது. அந்தப் பொடி, குழாயின் அலுமினியம் அரித்துப்போனதன் மிச்சம். உப்புநீரில் எஸ்.எஸ்.ஸும் அலுமினியமும் ஒட்டி நின்றால் கரைவது அலுமினியம்தான். பெரிய எஸ்.எஸ். பட்டைக்கு நடுவே சின்ன அலுமினிய ரிவெட்டை வைத்தால் அரிப்பு முழுக்க அதன்மேல் விழும். போதாக்குறைக்கு, கடை ரிவெட்டில், ரிவெட் கன் பிடித்து இழுக்கும் நடு ஊசி பெரும்பாலும் சாதா இரும்பு, உள்ளே துருப்பிடிக்கும். வாங் இழுக்கிற இழுப்பையும் அது தாங்காது.

4.8 மி.மீ. மோனல் ரிவெட் வாங்குங்கள். மோனல் ஒரு கலப்பு உலோகம்: மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு. கடல்நீரைத் தாங்கும், எஸ்.எஸ். ரிவெட்டைவிடக் கொஞ்சம் இளகினது என்பதால் உள்ளே நன்றாக விரிந்து உட்காரும். நீளத்துக்கு ஒரு கணக்கு: பட்டை, குழாய்ச் சுவர் இரண்டின் கனத்தோடு ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். பட்டை 2, சுவர் 3 என்றால் 5. அதோடு சுமார் 7. ஆக 12 மி.மீ. குட்டையாக இருந்தால் உள்பக்கத் தலை உருவாகாது; கொஞ்ச நாளில் பிடுங்கிக்கொண்டு வரும்.

மோனலும் அலுமினியத்தை அரிக்கக்கூடியதே. ஆகவே ரிவெட்டின் உடலிலும் பட்டையின் அடியிலும் டியூராலாக் அல்லது டெஃப்-ஜெல் என்ற அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவாமல் வேலையை முடிக்காதீர்கள். பட்டைக்கடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்தால் இன்னும் நல்லது. ஒரு கையால் அழுத்தும் சிறிய ரிவெட் கன் 4.8 மோனலுக்குத் திணறும். நீண்ட இரட்டைக் கைப்பிடி உள்ளதை எடுங்கள். முனை செங்குத்தாக, தலையோடு ஒட்டி நிற்கட்டும்; சாய்ந்தால் தலை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

கேள்வி: பழைய ரிவெட்டை டிரில் செய்தால் அதுவும் பிட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. துளையும் பெரிதாகிவிட்டது. (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: பலர் குழாயைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். ரிவெட் போனால் இன்னொன்று போடலாம், துளை போனால் அப்படி முடியாது. முதலில் 2.5 மி.மீ. பஞ்ச் கம்பியால் நடுவில் மிஞ்சிய ஊசித்துண்டைத் தட்டி உள்ளே தள்ளுங்கள். அந்தக் கெட்டி உலோகம் நடுவில் இருக்கும்வரை பிட் நழுவி ஓரத்தைத் தின்னும். பிறகு 4.8 பிட்டால், மெதுவான வேகத்தில், தலையை மட்டும் குடையுங்கள். தலை வளையம்போல் கழன்று பிட்டில் ஏறியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பஞ்ச் கம்பியால் தட்டுங்கள். சுற்றுகிற ரிவெட் என்றால் தலைக்கடியில் மெல்லிய உளியைச் செருகி, அழுத்திப் பிடித்துக்கொண்டு குடையுங்கள். உள்ளே விழுந்த துண்டுகளை முனை மூடியைக் கழற்றிக் கொட்டிவிடுங்கள். இரும்பு ஊசி உள்ளேயே கிடந்தால் ஈரத்தில் குழாயை அரிக்கும்.

துளை லேசாகப் பெருத்திருந்தால், குழாயும் பட்டையும் இடம் கொடுத்தால், சுத்தமாகக் குடைந்து 6.4 மி.மீ. ரிவெட் போடலாம். முட்டைபோல் நீண்டிருந்தால், படகின் வகுப்பு விதி (அந்த வகைப் படகுகளுக்கான போட்டி விதி) அனுமதித்தால், பட்டையை 25 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போடுங்கள். அதற்கு 4.9 பிட். பழைய துளையை சீலன்ட் தடவிய ரிவெட்டால் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: ரிவெட்டுக்குப் பதில் ஸ்க்ரூ போடலாமா? (வாசகர், சென்னை)

பதில்: மெல்லிய சுவரில் ஸ்க்ரூவுக்கு இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும், அதுவும் ஆட ஆடத் தளரும். உள்ளே நீட்டும் கூர்முனை, குழாய்க்குள் ஓடும் கயிற்றை அறுக்கும்.

கேள்வி: மேல் பாய்மரக் குழாய், கீழ்க் குழாயோடு சேரும் இடத்திலுள்ள வளையத்தை (காலர்) பிடிக்கும் ரிவெட் இருக்கும் இடத்திலேயே வளைந்துவிட்டது. ஏன்? (வாசகர், சென்னை)

பதில்: வாங்கை இறுக்கும்போது பாய்மரத்தின் நுனி பின்னால் வளைகிறது, முன்பக்கம் இழுபடுகிறது, பின்பக்கம் அமுங்குகிறது. இழுபடும் பக்கத்தில் துளை இருந்தால் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். புதுக் குழாயை மாட்டும்போது காலர் ரிவெட் பின்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் இரண்டு குழாயையும் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி, அந்த ரிவெட்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் நகத்தில் தட்டினால் அந்தக் குழாயோடு மறுபடி கடலுக்குப் போகாதீர்கள்.