டீச்சரிடம் கேளுங்கள்: ‘வில்’ வேண்டாத இடம்

கேள்வி: டீச்சர், நான் தாராவியில் ஒரு கார்மென்ட் யூனிட்டில் சூப்பர்வைசர். போன மாதம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி இன்டர்வியூவில், இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். “எவ்ரி டே ஐ வில் வொர்க் இன் எ கார்மென்ட் யூனிட்” என்றேன். “எப்போது சேரப் போகிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்டார்கள். பன்னிரண்டு டென்ஸும் டேபிள் போட்டு மனப்பாடம் செய்தவள் நான். பேசும்போது மட்டும் ஏன் இப்படி?
– வாசகி, 90 அடி ரோடு, தாராவி

பதில்: தங்கச்சி, உங்கள் மனப்பாடத்தில் குறையில்லை. ரெகுலர் வெர்புக்கு இருப்பதே நாலு உருவம்தான்: வொர்க், வொர்க்ஸ், வொர்க்ட், வொர்க்கிங். எதை எப்போது எடுப்பது என்பதில்தான் தமிழ் குறுக்கே வருகிறது.

“காலையில் எட்டு மணிக்குப் போவேன், ராத்திரிதான் வருவேன்” என்கிறோம். சொல்வது தினசரி வழக்கத்தை. எடுப்பது எதிர்கால வினையை. அந்தப் பழக்கத்தில் இங்கிலீஷிலும் ‘வில்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேட்பவருக்கோ அது இனிமேல் நடக்கப்போகும் சங்கதி. தினசரி வழக்கத்துக்கு அங்கே சிம்பிள் பிரசென்ட்: ஐ வொர்க். அண்ணனைப் பற்றிச் சொன்னால் ஹி வொர்க்ஸ்.

“வேலை செய்கிறேன்” என்று நினைத்துக்கொண்டு பேசினால் சரியாகிவிடுமா? அதிலும் சிக்கல். வழக்கத்துக்கும் அதுதான், இந்த நிமிஷத்துக்கும் அதுதான். ஆனால் மும்பையில் இருக்கிற நமக்கு ஒரு வசதி உண்டு. தெருவில் இறங்கினால் காதில் ஹிந்தி. “காம் கர்த்தி ஹூன்” என்று வாயில் வருகிற இடத்தில் ஐ வொர்க். “காம் கர் ரஹி ஹூன்” வருகிற இடத்தில் ஐ ஆம் வொர்க்கிங். என் மாலை வகுப்பில் டேபிளை மூடி வைக்கச் சொல்லிவிட்டு இதைத்தான் செய்ய வைக்கிறேன்: முதலில் ஹிந்தியில் சொல், பிறகு இங்கிலீஷ்.

ஓரிடத்தில் ஹிந்தியும் கைவிட்டுவிடும். “2019லிருந்து வேலை செய்கிறேன்” என்பதற்கு ஹிந்தியிலும் “கர் ரஹி ஹூன்”தான். இங்கிலீஷில் அப்படியே ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் 2019’ என்றால் தவறு. ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் சின்ஸ் 2019. இன்டர்வியூவில் உங்களுக்கு நிச்சயம் தேவைப்படும் வாக்கியம் இது. சமைக்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று. ‘ஐ டிட் நாட் வொர்க்ட்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இதற்கு மட்டும் தமிழே துணை. “செய்தேன்” என்பதை மறுத்தால் “செய்யவில்லை”. “செய்தவில்லை” என்று குழந்தைகூடச் சொல்லாது. டிட் வந்துவிட்டால் வொர்க்டும் அதே மாதிரி வொர்க் ஆகிவிடும். கேள்விக்கும் இதேதான்: டிட் யூ வொர்க்?

கேள்வி: ஸ்டாப்புக்கு இறந்தகாலம் எழுதும்போது கடைசி எழுத்து இரட்டிக்கிறது, விசிட்டுக்கு இரட்டிக்கவில்லை. ஏன்?
– பத்தாம் வகுப்பு மாணவன், சயான் கோலிவாடா

பதில்: நல்லாக் கவனிச்சிருக்கே தம்பி. ஓரசைச் சொல்லாக இருந்து, கடைசியில் ஒரு மெய்யெழுத்தும் அதற்கு முன் ஒரே ஓர் உயிரெழுத்தும் வந்தால் பெரும்பாலும் இரட்டிக்கும்: ஸ்டாப், பிளான். குக் (cook) என்பதில் உயிரெழுத்து இரண்டு, அதனால் இரட்டிக்காது. ஈரசையாக இருந்தால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று சொல்லிப் பார். விசிட்டில் முன்னால் விழுகிறது, இரட்டிக்காது. பிரிஃபரில் பின்னால், இரட்டிக்கும். டிராவல் மாதிரி ‘எல்’ எழுத்தில் முடிகிற சொற்கள் இந்தக் கணக்குக்கு அடங்காது. பிரிட்டிஷ் வழக்கில் இரட்டிக்கும், அமெரிக்க வழக்கில் இரட்டிக்காது. நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கு என்பதால் இரட்டித்தே எழுது.

கேள்வி: walked என்பதை ‘வாக்கெட்’ என்று நான் படித்தால் என் மகள் ‘வாக்ட்’ என்று திருத்துகிறாள். எது சரி?
– வாசகி, முலுண்ட்

பதில்: மகள் சொல்வதுதான் சரி. வான்ட், நீட் மாதிரி ட-ஒலியில் முடிகிற சொற்களுக்குத்தான் இறந்தகாலத்தில் ஓர் அசை கூடும்: வான்டிட், நீடிட். மற்றவற்றில் கூடாது. வாக், வாஷ், ஹெல்ப் இவற்றின் முடிவில் ‘பாட்டு’ என்பதில் வருகிற வல்லோசை. கால், கிளீன், பிளே இவற்றின் முடிவில் ‘பாடு’ என்பதில் வருகிற மெல்லோசை. எழுத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் காதுக்கு வேறு. மகளை எதிரே உட்காரவைத்து இந்த ஆறையும் அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்கள்.