நல்லூர்த் தேரும் நீல நிலவும்: ஐயெல்ட்ஸ் பேச்சுச் சோதனை பற்றிக் கேள்வி பதில்

ஆங்கில இடியம்களை, அதாவது மரபுத் தொடர்களை, ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலச் சோதனையின் பேச்சுப் பகுதியில் எப்படிப் பாவிப்பது என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் புள்ளி போடுகிற ஆள் இல்லை. வீட்டு விறாந்தையில் பிள்ளைகளை இருத்தி ஆங்கிலத்தில் கதைக்க வைக்கிற ஆள், அவ்வளவுதான்.

கொக்குவிலில் இருந்து ஒரு தாதி: ரீச்சர், இங்கிலாந்தில் வேலை செய்ய எனக்குப் பேச்சில் 9க்கு 7 வேண்டும். ரியூசனில் 200 இடியம் உள்ள தாள் ஒன்று தந்திருக்கிறார்கள். எத்தனை சொன்னால் 7 வரும்?

எத்தனை என்ற கணக்கே இல்லை, தங்கச்சி. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். பேச்சுக்கு நான்கு விதமாகப் புள்ளி போடுவார்கள்: தடங்கல் இல்லாமல் தொடர்பாகக் கதைப்பது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. இடியம் என்பது சொல்வளத்துக்குள் வருகிற ஒரு துண்டு. அதிலும் 7க்கு அவர்கள் எதிர்பார்ப்பது, எல்லாரும் சொல்லாத சில சொற்களும் அந்த மொழிக்கே உரிய சில சொற்றொடர்களும் உங்கள் பேச்சில் வரவேண்டும் என்பதுதான். இடையில் சில பிழைத்தாலும் 7 கிடைக்கும்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் குழம்புகிறார்கள். மொழிக்கே உரியது என்றவுடன் பழமொழி மாதிரி பெரிதாக ஏதோ வேண்டும் என்று நினைக்கிறார்கள். 'ரன் அவுட் ஒஃப்', 'புட் அப் வித்', 'கெட் ஓன் வித்' (ஒருவரோடு ஒத்துப்போவது), 'பம்ப் இன்ரு' (தற்செயலாகச் சந்திப்பது) எல்லாம் அதற்குள் அடக்கம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றதை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் தீர்ந்துபோனது 'வீ ரான் அவுட் ஒஃப் பெட்ரோல்'. கரண்ட் வெட்டைச் சகித்துக்கொண்டது 'வீ ஹாட் ரு புட் அப் வித் பவர் கட்ஸ்'. வரவு செலவுக்குக் காணாமல் அம்மா பட்ட பாடு 'ஷீ கூட்ன்ட் மேக் என்ட்ஸ் மீட்'. ஒரே கதைக்குள் மூன்று வந்துவிட்டது. ஒன்றையும் வலிந்து செருகவில்லை, நீங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

சுன்னாகம்: 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' சொன்னால் நல்லது என்கிறார்கள். எங்கே பொருந்தும்?

அபூர்வமாக, எப்போதாவது ஒருக்கால் நடப்பதற்குத்தான் பொருந்தும். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டாவதாக வருகிற பூரணையைத்தான் இப்போது ப்ளூ மூன் என்பார்கள். அது வரச் சராசரியாக இரண்டரை வருடத்துக்கு மேலேயே ஆகும். என்னிடம் படித்த தம்பி ஒருவர் நல்லூர்த் திருவிழா 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' வரும் என்று சொன்னார். வருடா வருடம் வந்து 25 நாள் நடக்கிற திருவிழா! தேர் ஓடாமல் விட்டால்தான் அந்தத் தொடர் சரிவரும். கொழும்பில் இருக்கிற அண்ணா வீட்டுக்கு எப்போதாவதுதான் வருவார் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்று கவனம்: 'வன் டைம் இன் ப்ளூ மூன்' என்று உடைத்துவிட வேண்டாம். அந்த 'ஒன்ஸ்', அந்த 'எ' எல்லாம் அப்படியே இருக்கவேண்டும்.

நெல்லியடி: தமிழ்ப் பழமொழியை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லலாமா?

இது நல்ல கேள்வி. மூன்று விதமாக நடக்கும்.

சிலது இரண்டு மொழியிலும் உடன்பிறப்பு. கை கொடுப்பது 'கிவ் எ ஹான்ட்'. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அங்கே இரண்டு பறவை. எரிகிற நெருப்பில் நாங்கள் எண்ணெய் ஊற்றுவோம், அவர்கள் எரிபொருள் போடுவார்கள், 'அட் ஃபியூவல் ரு த ஃபயர்'. முதலில் இவற்றைப் படியுங்கள், ஏற்கனவே உங்கள் வாயில் இருப்பவைதான்.

அடுத்தது ஆபத்தானது, முகம் ஒன்று குணம் வேறு. கூட்டாளி காலை வாரிவிட்டான் என்று சொல்ல நினைத்து 'ஹீ புல்ட் மை லெக்' என்றால், அவன் பகிடி விட்டான் என்றுதான் அவர்களுக்கு விளங்கும். நீங்கள் சோகமாகத் துரோகக் கதை சொல்ல, கேட்கிறவர் சிரிப்பார். அதற்கு 'ஹீ லெட் மீ டவுன்' போதும், துரோகம் பெரிதென்றால் முதுகில் குத்தின தொடர் அவர்களிடமும் இருக்கிறது.

மூன்றாவது, அங்கே இல்லாதது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், 'வீ ஹாவ் எ சேயிங் இன் தமிழ்' என்று தொடங்கிச் சொல்லிவிட்டு, ஏன் சொன்னீர்கள் என்று அடுத்த வசனத்தில் விளக்குங்கள். தப்பே இல்லை, கேட்பவருக்கும் சுவையாக இருக்கும். ஒருமுறை போதும், எல்லாக் கேள்விக்கும் ஆனையைக் கொண்டுவர வேண்டாம்.

சாவகச்சேரி: அக்கா, கலியாணம் முடிந்து இலண்டன் போக ஏ1 என்கிற ஆரம்ப நிலை ஆங்கிலச் சோதனை எழுதவேண்டும். இடியம் படிக்கவா?

வேண்டாம் தங்கச்சி. உங்களுடையது லைஃப் ஸ்கில்ஸ், சாதாரண ஐயெல்ட்ஸ் இல்லை. இரண்டு பேரை ஒன்றாக இருத்தி 16 முதல் 18 நிமிடம் கதைக்க வைப்பார்கள். பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிறவர் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லவும் கேள்வி கேட்கவும் பழகுங்கள். விளங்காவிட்டால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மானிப்பாயில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: கடும் மழைக்கு நாங்கள் 'ரெய்னிங் கேட்ஸ் அன்ட் டோக்ஸ்' என்றுதான் படிப்பித்தோம். பேத்தி அது பழசு என்கிறாள்.

ஐயா, நீங்கள் படிப்பித்தது பிழை இல்லை, பேத்தி சொல்வதும் சரி. இப்போது கதைக்கும்போது அதைச் சொல்கிறவர்கள் குறைவு, பாடப்புத்தக வாசம் அடிக்கும். மார்கழி மழையில் நனைந்த கதைக்கு 'இட் வோஸ் போரிங், ஐ கொட் சோக்ட்' என்றால் இயல்பாக இருக்கும். இந்தப் 'போரிங்' அலுப்பு இல்லை, மழை ஊற்றுவது.

கோப்பாய்: போன முறை ஏழெட்டு இடியம் சொன்னேன், 6 தான் வந்தது. எங்கே பிழை?

உங்கள் பேச்சைக் கேட்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, தம்பி. ஆனால் நீங்கள் அனுப்பிய மாதிரிப் பதிலை வாசித்துப் பார்த்தேன். இசை பிடிக்குமா என்ற கேள்விக்கு முதல் வசனத்திலேயே இரண்டு இடியம். 11 முதல் 14 நிமிடம் நடக்கிற சோதனையில் ஏழெட்டு என்றால் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, கறியில் உப்புக் கட்டி கடிபட்ட மாதிரி இருக்கும். அடுத்தது ஓசை. மிகச் சுலபம் என்பதற்குச் சொல்கிற 'பீஸ் ஒஃப் கேக்' என்பதற்கு முன்னால் ஒரு நிறுத்தம், பின்னால் ஒரு நிறுத்தம், மூன்று சொல்லுக்கும் ஒரே அழுத்தம் என்றால் பாடமாக்கினது என்று உடனே தெரிந்துவிடும். அது 'பீசஃகேக்' என்று ஒரே மூச்சில், கடைசிச் சொல்லில் அழுத்தி வரவேண்டும். அப்புறம், பாடமாக்கின பதிலைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். தலைப்பு எழுதின அட்டை தந்து யோசிக்க விடுகிற ஒரு நிமிடத்தில் இடியம் பட்டியல் எழுத வேண்டாம். எங்கே, யாரோடு, என்ன நடந்தது, எப்படி முடிந்தது என்று நாலு சொல் குறியுங்கள். கதை ஓடினால் தொடர் தானாக வரும், வராவிட்டால் விடுங்கள்.

உரும்பிராய்: 'கோயிங் ரு', 'வோன்ட் ரு' என்பதைச் சுருக்கி 'கொனா', 'வொனா' என்று சொல்லலாமா?

கதைக்கும்போது சொல்லலாம். கட்டுரையில் எழுதவே வேண்டாம்.

பருத்தித்துறை: இடியம் பிழைத்துவிட்டது என்று சோதனையின் நடுவில் தெரிந்தால் என்ன செய்வது?

சாதாரண சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போங்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். இளம் வயதில் கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். பாட்டி காலமானதால்தான் கடிதம் பிந்தியது என்று சொல்ல வந்து, 'மை கிரான்ட்மதர் கிக்ட் த பக்கெட்' என்று பெருமையாகச் சொன்னேன். அது பகிடியாகச் சொல்கிற தொடர், மண்டையைப் போட்டுவிட்டா என்பது மாதிரி. எதிரே இருந்த பெண்மணி கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. துக்கம் தாளாமல் அழுகிறார் என்று நினைத்து நான்தான் அவரைத் தேற்றினேன்.